லென்ஸுக்கு இடது பக்கம்

விருதுக் குழு அனுப்பிய படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் கேமராக்காவுக்குத் தலைவலி. ‘பரிசீலனைக்கு அனுப்பும் எபிசோடின் எண்.’ தொலைக்காட்சித் தொடர்களில் சிறந்த ஒளிப்பதிவுக்கான விருது அது. ஒரு தொடருக்கு ஒரு எபிசோடுதான் அனுப்பலாம். அவளோ ஆறு வருடத்தில் ஆயிரத்து நானூறு எபிசோடு எடுத்துத் தள்ளியிருந்தாள். அதே வீடு, அதே சோபா, அதே மாடிப்படி. மருமகள் அந்தப் படியில் இதுவரை ஒன்பது தடவை உருண்டிருக்கிறாள்.

“விபத்து எபிசோடைப் போடுங்கக்கா,” என்றார் டைரக்டர். “கிரேன் வெச்சு எடுத்தோமே. லாரி இருக்கு, மழை இருக்கு. ஜட்ஜுங்க அசந்துடுவாங்க.”

அவள் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுக் கட்டத்தில் 1196 என்று எழுதினாள்.

டைரக்டர் எட்டிப் பார்த்தார். “இதுல என்ன இருக்கு? அப்பா ஆஸ்பத்திரியில உக்காந்து பேசுறாரு. ஒரே குளோசப். கேமரா அசையக்கூட இல்ல.”

“ஆமா.”

“அதுலயும் லுக் தப்பு. எடிட்டர் எங்கிட்ட வந்து புலம்புனான்.”

“தெரியும் சார்.”

டைரக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தான் செய்த தப்பைத் தானே தேடி எடுத்து விருதுக்கு அனுப்பும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

லுக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொடரில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து அழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் படப்பிடிப்புக்கு வருவது அபூர்வம். மனைவியாக நடிப்பவர் இன்னொரு தொடரில் மாமியாராக இருப்பார். அங்கே தேதி கொடுத்திருப்பார். அதனால் கணவனை மட்டும் உட்காரவைத்து, அவர் பேச வேண்டியதையெல்லாம் குளோசப்பில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். எதிரே ஆள் இல்லையே, எங்கே பார்த்துப் பேசுவது? லென்ஸுக்கு ஓரமாக ஒரு ஸ்டாண்டில் டேப்பைச் சிலுவைபோல ஒட்டிவைப்பார்கள். அந்த டேப்தான் மனைவி. அதைப் பார்த்துத்தான் கெஞ்ச வேண்டும், கோபப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். கண் அதைவிட்டு நகர்ந்தால் லுக் தப்பு. உடனே கட்.

இந்தத் தொடரில் அப்பாவாக நடித்தவர் முதல் வாரமே டேப்போடு மல்லுக்கு நின்றார். நாடக மேடையிலிருந்து வந்தவர், வயது ஐம்பத்தெட்டு. “கேமராம்மா, இந்த டேப்பைப் பாத்தா எனக்கு அழுகை வரமாட்டேங்குது. யாராவது நில்லுங்களேன்,” என்றார். யார் நிற்பது? ஆளாளுக்கு வேலை. அவள் வலது கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தபடியே இடது கை விரல்களை மடக்கி, லென்ஸுக்கு இடது பக்கம் முஷ்டியை நீட்டினாள். “இதைப் பாருங்க சார்.”

அவர் பார்த்தார். பார்த்து, “உன்னை ரொம்பப் படுத்திட்டேன்,” என்றார். கண்ணில் நீர் வந்தது. முதல் டேக்கிலேயே ஓகே.

அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்தத் தொடரில் மனைவிக்குச் சேர வேண்டிய அத்தனை வார்த்தையும் கேமராக்காவின் இடது கைக்குத்தான் வந்தது. ‘நீ சாப்பிட்டியா?’ என்று அவர் கேட்டது அந்தக் கையைத்தான். ‘நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?’ என்றதும் அந்தக் கையிடம்தான். ஒரு தடவை மூன்று எபிசோடு முழுக்க அதனோடு பேசாமலே கோபித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் தோள்பட்டைக்கு மருந்து தேய்த்துக்கொள்வாள்.

வீடு என்றால் அவளும் தங்கச்சியும்தான். தங்கச்சி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். வாய் அவளுடைய கத்தரிக்கோலைவிடக் கூர்மை. கேமராக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, இரண்டே வருடத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

“ஒரு மனுஷன் தினம் தினம் உன் கையைப் பாத்து உருகுறாரு,” என்பாள் தங்கச்சி, ஊசியில் நூல் கோத்தபடி. “நீ என்னடான்னா கை வலிக்குதுன்னு மருந்து தேய்ச்சிட்டிருக்க.”

“அது வசனம்டீ. எழுதிக் கொடுக்குறாங்க, பேசுறாரு.”

“அவருக்கு எழுதிக் கொடுக்குறாங்க, சரி. உனக்கு யாரு எழுதிக் கொடுத்தா? முகம் ஏன் இப்படிச் செவக்குது?”

இதில் வேடிக்கை என்னவென்றால், படப்பிடிப்பில் அவரை எல்லாரும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டைரக்டர், மேக்கப்மேன், டீ கொடுப்பவர் வரைக்கும் அப்பாதான். அவள் மட்டும் ‘சார்’. ஊருக்கே அப்பாவாக இருப்பவர்மேல் ஆசைப்பட்டுத் தொலைத்தால் வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவர் மனைவி தவறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், கடல் தாண்டி இருந்தாள். இதெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. லைட் மாற்றும் இடைவெளியில் அவராகச் சொன்னது. அவளும் ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. ஒரு டீக்கு மேல் ஒன்றுமில்லை.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவர் தொடரிலிருந்து விலகி, போய் மகளோடு இருக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய கடைசிக் காட்சிதான் 1196.

கதைப்படி மனைவி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச வேண்டும். சாமான் அறையைக் காலி பண்ணி ஒரு கட்டில் போட்டார்கள். மனைவிக்கு அன்றும் தேதி இல்லை. போர்வைக்கு அடியில் இரண்டு தலையணை படுத்திருந்தன. கேமராவைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி, அவள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து டைரக்டருக்குச் சேனலிலிருந்து போன். “நீங்களே எடுத்து முடிச்சிடுங்கக்கா,” என்று அவர் வெளியே போய்விட்டார்.

அவளே ‘ஆக்‌ஷன்’ சொன்னாள். அவர் பேசினார். “எழுந்திரிச்சு வந்து என்னைத் திட்டு. நீ திட்டாத வீட்டுல எனக்கு என்ன வேலை?” என்று தொடங்கி மூன்று நிமிட வசனம். ஒரு சொல் தவறவில்லை. கண் அவள் கையை விட்டு அசையவில்லை. வசனம் முடிந்தது. அப்போதுதான் அவர் கண் நகர்ந்தது.

கேமரா பிடிப்பவர்களில் பலபேர் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் மூடமாட்டாள். வலது கண் வ்யூஃபைண்டரில் இருக்கும். இடது கண் திறந்தே இருக்கும். அவர் பார்வை கையிலிருந்து ஒரு சாண் மேலேறி அந்த இடது கண்ணில் வந்து நின்றது. லுக் தப்பு. கட் சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத் தொழிலில் கண் இமைப்பதற்குள் சொல்லிவிடுகிறவள், அன்று சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது விநாடி. அப்புறம் கதவு திறந்து டைரக்டர் தலையை நீட்டி, “முடிஞ்சுதா?” என்று கேட்க, எல்லாம் கலைந்தது.

“இன்னொண்ணு எடுத்துக்கலாமா கேமராம்மா?” என்று அவர்தான் கேட்டார்.

“வேண்டாம் சார். ஓகே.”

தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். எடிட்டர் அன்றே போனில் கூப்பிட்டுக் குதித்தார். ஆனால் அந்த எபிசோடுக்கு நிமிடம் பத்தவில்லை. நாற்பது விநாடியையும் வெட்டாமல் அப்படியே போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள்.

அவர் போய்விட்டார். தொடரில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தார்கள். குடும்பமே காலையில் எழுந்து முன்பின் தெரியாத ஒருவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டது. ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அது தொடர்க் குடும்பங்களுக்கே வாய்த்த பெருந்தன்மை. புதியவர் நல்லவர்தான். அவருக்கு லுக் கொடுக்க அவள் ஸ்டாண்டில் டேப்பை ஒட்டினாள். தோள்வலி போய்விட்டது. போனதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

பத்து மாதம். அவரிடமிருந்து ஒரு செய்தி இல்லை; அவளும் அனுப்பவில்லை. என்னவென்று அனுப்புவது? ‘அந்த நாற்பது விநாடி நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்?’ என்று ஒரு வரி அடிப்பாள், அழிப்பாள். போர்வைக்குள் இருந்த மனைவியை நினைத்துப் பார்த்தாரா? இறந்துபோன தன் மனைவியையா? வெறுமனே எங்கேயோவா? ‘உங்களைத்தான்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருடம் சொல்லாததை அவளும் சொல்லிவிடுவாள். போனில் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதினாள். பட்டியல் வெளியே வரும், எங்கிருந்தாலும் பார்ப்பார், எதை அனுப்பியிருக்கிறாள் என்று பார்த்தால் புரிந்துகொள்வார். கடிதம் போடத் தைரியமில்லாதவள் விருதுக் குழுவைத் தபால்காரர் ஆக்கினாள்.

தபால் போய்ச் சேர்ந்தது. கடைசி ஐந்து பேரில் அவள் பெயர் இருந்தது. நடுவர் குறிப்பில், ‘வசனம் முடிந்த பின்னும் நாற்பது விநாடி கேமராவை நிறுத்தாத அபாரமான துணிச்சல்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத் தங்கச்சி மிஷினை நிறுத்திச் சிரித்தாள்.

“துணிச்சலாம்! உனக்காம்!”

விழாவுக்குப் புடவைதான் என்று தங்கச்சியே அடம்பிடித்து அக்காவுக்குக் கட்டியும்விட்டாள். இருபது வருடமாக ஆறு பை வைத்த பேண்டிலேயே நடந்தவளுக்கு லென்ஸ் துடைக்கும் துணியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

விழா என்றால் சாயங்காலம் சேனலில் காட்டுவார்களே, அந்த விழா இல்லை. ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, இதெல்லாம் காலை பத்து மணிக்கே கொடுத்து முடித்துவிடுவார்கள். நடிகர்களுக்கு உரியது மட்டும்தான் ஒளிபரப்பு. கேமராவுக்குக் கொடுக்கும் விருதைப் படம்பிடிக்க அங்கே ஒரு கேமரா இல்லை என்பதை நான் சும்மா சொல்லிவைக்கிறேன். அரங்கில் முக்கால்வாசி நாற்காலி காலி. மேடையில் ஒருவர் சாயங்கால நிகழ்ச்சிக்காக ஏணியில் ஏறிப் பூ கட்டிக்கொண்டிருந்தார். விருது கொடுக்கும்போதுகூட அவர் இறங்கவில்லை.

ஒவ்வொரு எபிசோடிலிருந்தும் அரை நிமிடம் திரையில் போட்டார்கள். அவளுடையது வந்தபோது வசனமே இல்லாத பகுதிதான் வந்தது. இருபதடி உயரத்துக்கு அவர் முகம். கண் மேலேறி வந்து நிற்கிறது. அவர் கண்மணியில் அவள் தெரிந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் பொய். அதில் தெரிந்தது அவள் வைத்த சாஃப்ட் லைட்டின் வெள்ளைச் சதுரம் மட்டும்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மூச்சு விடாமல் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ, “வீடியோ நின்னுபோச்சா?” என்று கேட்டார்கள்.

விருது பேய்த் தொடருக்குப் போனது. புகை, நீல வெளிச்சம், சுழன்று சுழன்று இறங்கும் கேமரா. நல்ல வேலைதான், அவளும் கைதட்டினாள். தட்டிக்கொண்டே அரங்கத்தைக் கண்ணால் துழாவினாள். அவர் இல்லை. வருவார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையே, பிறகு ஏன் தேடுகிறாள்? டேப்பை ஒட்டிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது லிஃப்ட் பக்கத்துச் சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மேக்கப் இல்லாத முகம், மூக்குக் கண்ணாடி. காலடியில் ஒரு பெட்டி.

“கேமராம்மா,” என்று எழுந்தார்.

“சார்! எப்ப வந்தீங்க?”

“ஊருக்கு வந்து நாலு நாளாச்சு. வீட்டை வித்தாச்சு, கையெழுத்துப் போட வந்தேன். இன்னிக்கு ஃபிளைட். ஒரு மணிக்குக் கார் வரும்.” மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. “கடைசி வரிசையில உக்காந்திருந்தேன், உங்க ஷாட் முடிஞ்சதும் வெளிய வந்துட்டேன். புடவையில அடையாளமே தெரியல.”

“உங்களுக்கு சாயங்காலம்தானே சார் விழா? நடிகர்களுக்கு...”

“சாயங்காலம் எனக்கு ஒண்ணும் இல்ல. நான் லிஸ்ட்லயே இல்லையே.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்கப் போனார்; போட்டிருந்தது பேண்ட். அவள் கையிலிருந்த துணியை நீட்டினாள். வாங்கித் துடைத்தார். “உங்க பேரு இருந்துச்சு. எந்த எபிசோடுன்னு பாத்தேன். அதான் வந்தேன்.”

இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். பத்து மாதமாக மனசில் எழுதி எழுதி அழித்த கேள்வி இப்போது அவள் நாக்கு நுனியில் இருந்தது. லிஃப்ட் வந்தது, திறந்தது, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்த டேக்ல, வசனம் முடிஞ்ச பிறகு... நீங்க யாரைப் பாத்தீங்க?”

“உங்களைத்தான்,” என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

“நீங்க கட் சொல்லுவீங்கன்னு பாத்தேன்,” என்றார் அவர்.

அடடா. அதைவிட அவர் வேறெங்கோ பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வசனம் முடிந்தால் நடிகர் கட்டுக்காகப் பார்ப்பார். டைரக்டர் இல்லையென்றால் கேமராவைப் பார்ப்பார். தொழிலுக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம். பத்து மாதம் இரவும் பகலும் யோசித்தவளுக்கு இது ஒன்று மட்டும் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை. அவமானத்தில் முகம் எரிந்தது. இப்போதே எழுந்து வீட்டுக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

“ஒரு பத்து செகண்டு அதுக்குத்தான் பாத்தேன்,” என்றார் அவர், துடைத்த கண்ணாடியை இன்னும் துடைத்தபடி. “நீங்க சொல்லல. கேமராவுல ஏதோ சிக்கல் போலன்னு நினைச்சேன். பாத்தா, சிக்கல் ஒண்ணும் இல்ல. நீங்க நல்லாத்தான் பாத்துட்டிருந்தீங்க. சரின்னு நானும் பாத்துட்டிருந்தேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பத்து மாசமா உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். ஃபோன்ல கேக்குற விஷயமா அது? ஏன் கட் சொல்லல?”

கேள்வி கேட்க வந்தவளிடமே கேள்வி திரும்பி வந்துவிட்டது. கேட்கத்தான் அவள் தயாராகி வந்திருந்தாள். பதில் சொல்ல இல்லை. சொல்வதற்குச் சாக்கு இல்லாமல் இல்லை. சேஃப்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டேன் எனலாம். எடிட்டருக்கு நிமிடம் வேண்டியிருந்தது எனலாம். நடுவர்களே துணிச்சல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக்கூடச் சொல்லிவிட்டுச் சிரிக்கலாம். அவரும் சிரிப்பார். கார் வந்துவிடும்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது லென்ஸ் இல்லை, கை இல்லை, வசனமும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

“அது உங்க கடைசி ஷாட் சார்,” என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. “கட் சொன்னா எழுந்து போயிடுவீங்க.”

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, கார்க்காரராகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.